பரணி யாருக்கு?

(நூலக வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனைப் பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுத்திருக்கின்றன. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணிக்குப் பாட்டுடைத் தலைவன் முதல் குலோத்துங்க சோழன். ஆனால் கலிங்கத்துக்குப் போனவன் குலோத்துங்கன் இல்லை. அவன் காஞ்சியில் இருந்தான். வர வேண்டிய திறை வரவில்லை என்று கேட்டான், சினந்தான், ஆணையிட்டான். ஆறுகளைத் தாண்டி வடக்கே போய்க் கலிங்கத்தை அழித்துவிட்டுத் திரும்பியவன் கருணாகரத் தொண்டைமான். செயங்கொண்டார் இதை மறைத்தார் என்று சொல்ல முடியாது. தொண்டைமான் புறப்பட்டதையும் போரிட்டதையும் அவரே பாடியிருக்கிறார். என்றாலும் களத்தில் கூழ் சமைத்து உண்ட பேய்கள் கடைசியில் வாழ்த்துவது காஞ்சியில் இருந்த மன்னனைத்தான்.

சங்க காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனும் பெருஞ்சேரலாதனும் தாங்களே நேருக்கு நேர் நின்றார்கள். சேரனுக்கு முதுகில் புண்பட்டது. அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புகழானாலும் பழியானாலும் அவரவர் உடம்பிலேயே விழுந்த காலம் அது. அரசன் களத்தைவிட்டு மாளிகைக்கு நகர்ந்த பிறகுதான் கணக்கில் குழப்பம் வந்தது. இப்போது தலைவர் ஆயிரம் மைலுக்கு அப்பால், குளிரூட்டிய அறையில் இருக்கிறார். தேர்தல் சுவரொட்டியில் அவர் படத்துக்குப் பின்னால் பீரங்கி நிற்கிறது.

எல்லை தாண்டி நடக்கிற போரின் முடிவுக்கு ஓர் அரசியல் தலைவருக்கு எவ்வளவு பெயர் கொடுக்கலாம்? இதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் தேறாது. ஒரு போரை எடுத்துக்கொள்வோம்: வங்கதேசம் பிறந்த இந்திய-பாகிஸ்தான் போர். 1971.

அந்தப் போரை வென்றது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். காங்கிரஸ் மேடையில் கேட்டால் இந்திரா காந்தி. ஓய்வுபெற்ற ராணுவத்தினரைக் கேட்டால் அன்றைய தரைப்படைத் தளபதி சாம் மானெக்‌ஷா. கிழக்கு ராணுவத் தலைமையகத்தின் வரலாற்றைத் துருவுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பிரிந்து, சிலர் ஜெனரல் ஜேக்கப் என்பார்கள், சிலர் சகத் சிங் என்பார்கள். டாக்காவில் கேட்டால் வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி பாஹினி. இந்தியா கடைசி இரண்டு வாரத்துக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் என்பார்கள். வாஷிங்டனில் நிக்சனும் கிசிஞ்சரும் மேற்குப் பாகிஸ்தானைக் காப்பாற்றியதே தாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். தோற்ற தரப்புக்குத் துணை நின்றவர்கள்கூட வெற்றிக்கு உரிமை கோரிய போர் அது.

முதலில் நம் வீட்டுக் கதைகளிலிருந்து தொடங்குகிறேன். இந்திராவை வாஜ்பாய் துர்க்கை என்று நாடாளுமன்றத்தில் புகழ்ந்தார் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். தான் அப்படிச் சொல்லவில்லை என்று வாஜ்பாயே மறுத்திருக்கிறார். மறுப்பு எங்கும் போய்ச் சேரவில்லை, துர்க்கை மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்தது ஏப்ரல் கதை. இதில்தான் சுவை அதிகம். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்தக் குடிமக்கள் மீதே பாய்ந்தது. அகதிகள் திரிபுராவுக்கும் மேற்கு வங்கத்துக்கும் சாரிசாரியாக வரத் தொடங்கினார்கள். ஏப்ரலில் அமைச்சரவைக் கூட்டம். உடனே உள்ளே போ என்கிறார் இந்திரா. முடியாது என்கிறார் மானெக்‌ஷா. மழைக்காலம் வருகிறது, ஆறுகள் கடலாகிவிடும், டாங்கிகள் தயாராக இல்லை, இமயத்துக் கணவாய்களில் பனி விலகினால் சீனா இறங்கலாம், வேண்டுமானால் என் ராஜினாமாவை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். பிரதமர் பணிகிறார். மானெக்‌ஷா பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொன்ன கதை இது. அவர் பிரமாதமான கதைசொல்லி. அந்த மீசையும் குறும்புமாக அவர் சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியாது.

ஆனால் ஆவணங்களைப் புரட்டியவர்கள் வேறு மாதிரி எழுதுகிறார்கள். ஸ்ரீநாத் ராகவன் 2013-ல் வெளியிட்ட நூலும், வெளியுறவுத் துறையில் பணியாற்றிய சந்திரசேகர் தாஸ்குப்தா 2021-ல் எழுதிய நூலும் சொல்வது இதுதான்: ஏப்ரலிலேயே படையெடுக்க வேண்டும் என்று இந்திராவோ அவருடைய செயலாளர் பி.என். ஹக்சரோ நினைக்கவே இல்லை. சர்வதேசச் சட்டம், உலகத்தின் எதிர்ப்பு, சீனா என்று அவர்களும் தயங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். உடனே தலையிட வேண்டும் என்று வாதாடியவர்கள் வெளியே இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் திருச்சியில் பிறந்த நம் ஊர்க்காரர் கே. சுப்ரமணியம், அப்போது டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர்.

காத்திருப்பு ஒன்றுதான், அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள். தளபதி சொல்வது உண்மை என்றால் அந்த நிதானம் முழுவதும் தளபதியுடையது, பிரதமர் அவசரக்காரர். ஆவணம் சொல்வது உண்மை என்றால் நிதானம் பிரதமருடையது, தளபதி ஏற்கெனவே திறந்திருந்த கதவைத் தட்டியவர். நான் ஆவணத்தின் பக்கம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காத்திருந்ததைப் பாராட்டுகிற யாரும் அதற்கு விலை கொடுத்தது யார் என்று கேட்பதில்லை. அந்த எட்டு மாதமும் கொலை நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா வந்து குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கல்கத்தாவை ஒட்டிய சால்ட் லேக்கில் சாக்கடைக் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. டெல்லியில் அதற்குப் பெயர் ராஜதந்திரம்.

நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்தது. 1971 நவம்பர் 15 முதல் தபாலில் போகும் உறையில் 5 பைசா கூடுதல் முத்திரை ஒட்ட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. புதிய முத்திரை அச்சிட நேரமில்லை. கையிருப்பில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு முத்திரையின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்று அச்சடித்து விற்றார்கள். 1973 மார்ச் வரை இது நீடித்தது. திருநெல்வேலியில் இருந்து பம்பாயில் வேலை பார்க்கும் மகனுக்குக் கடிதம் போட்ட தாயும் அந்தப் போருக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அவளுக்கு யாரும் பரணி பாடவில்லை.

சரி, அந்த எட்டு மாதத்தில் தலைவரின் கையில் இருந்தது எது? ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டவர்கள் வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும். பின்னால் இருந்து பேசியவர் மாஸ்கோவில் தூதராக இருந்த டி.பி. தர். அந்த ஒப்பந்தத்தின் வரைவு 1969-லிருந்தே கிடப்பில் இருந்தது; இந்திராதான் தயங்கிக்கொண்டிருந்தார். ஜூலையில் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பெய்ஜிங் போனார் என்ற செய்தி வெடித்ததும் தயக்கம் போய்விட்டது. யோசனை அவருடையது இல்லை, அதைக் கையில் எடுத்த வேளை அவருடையது. ஒரு தலைவருக்கு இதில் கொடுக்க வேண்டிய பெயரை நான் தாராளமாகக் கொடுப்பேன். டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சோவியத் மூன்று முறை வீட்டோ போட்டிராவிட்டால் போர் பாதியில் நின்றிருக்கும். பொதுச் சபையில் டிசம்பர் 7 அன்று 104 நாடுகள் போர் நிறுத்தம் கேட்டு வாக்களித்தன, எதிர்த்தவை 11 மட்டும். அவ்வளவு தனிமையில் இருந்தது இந்தியா. அக்டோபர் கடைசியிலிருந்து மூன்று வாரம் இந்திரா ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றியது வாக்குகளைக் கொண்டுவரவில்லை. ஆனால் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைக் கொண்டுவந்தது.

இனி களத்துக்குப் போவோம். அங்கே டெல்லியின் குரல் கேட்காது.

டாக்காவைப் பிடித்தே தீர வேண்டும் என்று முதல் திட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. கொஞ்சம் நிலத்தைப் பிடித்து அங்கே வங்கதேச அரசை உட்கார வைப்பது, துறைமுகங்களை முடக்குவது என்ற அளவில்தான் தொடக்கத்தில் நினைப்பு ஓடியது. டாக்காவைச் சுற்றிப் பெரிய ஆறுகள். கிழக்கே மேகனா. டிசம்பர் 9 அன்று ஆஷுகஞ்ச் அருகே அந்த ஆற்றின் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. பாலம் போயிற்று, படை நின்றுவிடும் என்று நினைத்தார்கள். நான்காவது கோர் தளபதி லெப்டினென்ட் ஜெனரல் சகத் சிங் நிற்கிற ஆள் இல்லை. 1961-ல் கோவாவிலும் துணைப் பணிக்கு என்று அனுப்பப்பட்ட அவருடைய பாராசூட் படைதான் முதலில் பஞ்சிம் போய்ச் சேர்ந்தது.

விமானப்படையின் குரூப் கேப்டன் சந்தன் சிங்கிடம் கைவசம் இருந்தவை பழைய எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்கள், ஒரு டஜன் சொச்சம். ஒன்றில் ஏற்றக்கூடிய சிப்பாய்கள் பத்துப் பதினைந்து பேர். போய் இறக்கு, திரும்பி வா, மறுபடி ஏற்று. இரவிலும் நிறுத்தவில்லை; அக்கரையில் கையில் டார்ச் விளக்கோடு ஆட்கள் நின்று இறங்கும் இடத்தைக் காட்டினார்கள். பீரங்கிக்கும் குண்டுக்கும் ஹெலிகாப்டர் போதவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமத்தார் தங்கள் நாட்டுப் படகுகளைக் கொண்டுவந்தார்கள், வெடிமருந்துப் பெட்டிகளைத் தலையில் சுமந்தார்கள். மேலதிகாரி அரோராவுக்கு இந்தத் துணிச்சல் பிடிக்கவில்லை என்றும் சகத் சிங் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். டாக்காவின் வாசலுக்கு இந்தியப் படை வந்தது இப்படித்தான். இதில் இந்திரா காந்தியின் பங்கு என்ன? தளபதிகளுக்கு மணிக்கொரு தந்தி அடிக்காமல் இருந்தார். அது சின்ன விஷயம் இல்லை. 1962 சீனப் போரில் டெல்லி எந்தச் சாவடி எங்கே நிற்க வேண்டும் என்பது வரை மூக்கை நுழைத்து என்ன ஆனது என்று பார்த்தோம்.

அந்தப் படகுக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். கிராமம் கிராமமாக மக்கள் தன் பக்கம் இருக்கும் நாட்டில் ஒரு படை பன்னிரண்டு நாளில் தலைநகரை எட்டுவது ஒன்று. மக்கள் முகம் திருப்பிக்கொண்ட நாட்டில் அதே படை தவிப்பது வேறு. அந்த இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன். வங்காளிகள் அந்த டிசம்பருக்குக் காத்திருந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பிரான்சில் தூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தானின் மாங்ரோ என்ற நீர்மூழ்கியில் பயிற்சிக்குப் போயிருந்த வங்காள மாலுமிகள் சிலர் அங்கிருந்து தப்பி இந்தியா வந்து சேர்ந்தார்கள். அவர்களை மையமாக வைத்துப் பிளாசியில் பையன்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். வயிற்றில் கண்ணிவெடியைக் கட்டிக்கொண்டு ஆற்றில் மிதந்து போகும் நீச்சல். ஆகாசவாணி கல்கத்தாவில் ஒரு குறிப்பிட்ட பாட்டு ஒலித்தால் தயாராக இரு. அடுத்த பாட்டு ஒலித்தால் இறங்கு. ஆகஸ்ட் 15 நள்ளிரவு சிட்டகாங், மோங்லா, சாந்பூர், நாராயண்கஞ்ச் நான்கிலும் ஒரே நேரத்தில் கப்பல்கள் வெடித்தன. நேயர்கள் பாட்டுக் கேட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள்.

இந்தப் போராட்டத்துக்கு ஓர் அரசாங்கமும் இருந்தது. கல்கத்தா தியேட்டர் சாலை 8-ஆம் எண் வீட்டில், இன்று அரவிந்தர் பவனமாக இருக்கும் கட்டடத்தில், பிரதமர் தாஜுதீன் அகமது உட்கார்ந்து அதை நடத்தினார். நாடு விடுதலை ஆகும்வரை குடும்பத்தோடு தங்குவதில்லை என்று அலுவலக அறையிலேயே படுத்துக்கொண்டார். வங்காளிகளின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் அந்த ஒன்பது மாதமும் மேற்குப் பாகிஸ்தான் சிறையில் இருந்தார். முஜிப் பெயரைச் சொல்லித்தான் மக்கள் சண்டையிட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் நடத்திய தாஜுதீனை 1974-ல் அமைச்சரவையிலிருந்து விலக்கினார்கள். 1975 நவம்பர் 3 அன்று டாக்கா சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரைப் பார்த்த நினைவு உங்களில் யாருக்காவது இருக்கிறதா?

சரணாகதிப் படத்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டிசம்பர் 16, ரம்னா பந்தய மைதானம், ஒரு சாதாரண மேசை. அரோரா, பக்கத்தில் பாகிஸ்தான் தளபதி நியாஜி. பின்னால் இந்திய அதிகாரிகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். முக்தி பாஹினியின் தலைமைத் தளபதி உஸ்மானி அங்கே இல்லை; அவர் தரப்பில் ஏ.கே. கண்ட்கர் வந்திருந்தார். இது ஏன் நேர்ந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். டாக்காவில் இன்றுவரை இது ஆறாத புண்.

பிறகு அதிர்ஷ்டம். வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். இந்தியா டிசம்பர் 4 அன்று தொடங்கத் திட்டமிட்டிருந்ததாகப் பல நூல்கள் சொல்கின்றன. பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் முந்திக்கொண்டு டிசம்பர் 3 மாலை இந்திய விமானத் தளங்களைக் குண்டுவீசித் தாக்கினார். முதல் அடி அடித்த பழி அவருக்குப் போயிற்று. அன்று இந்திரா கல்கத்தாவில் இருந்தார். சீனா ஏன் வரவில்லை? கணவாயில் பனி, வடக்கே சோவியத் படை, இதெல்லாம் உண்டு. செப்டம்பரில் சீனப் பாதுகாப்பு அமைச்சர் லின் பியாவோ விமான விபத்தில் இறந்து, சீன ராணுவத் தலைமையே ஆட்டம் கண்டிருந்ததும் உண்டு. டெல்லி இதை ஏற்பாடு செய்யவில்லை. டிசம்பர் 15 அன்று நியூயார்க்கில் போர் நிறுத்தத்துக்கு ஒரு போலந்து தீர்மானம் மேசையில் இருந்தபோது பாகிஸ்தானின் பூட்டோ கையில் இருந்த தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வெளிநடப்புச் செய்தார். அவர் அன்று பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அந்தச் சரணாகதிப் படமே இருந்திருக்காது. எதிரியின் கோபமும் நம் தலைவரின் சாதனைப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் இந்திராவுக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் தவறான நாளைக் கொண்டாடுகிறோம் என்பது என் கட்சி. டிசம்பர் 16 சகத் சிங்கின் நாள், ஜேக்கப்பின் நாள், படகுக்காரர்களின் நாள். பிரதமரின் நாள் டிசம்பர் 17. கிழக்கே எல்லாம் முடிந்தது. மேற்கே படை தயாராக நிற்கிறது. நாடே வெற்றி போதையில் இருக்கிறது, லாகூருக்குப் போ என்று கத்துகிறவர்களுக்குக் குறைவில்லை. அன்று இரவு 8 மணியோடு மேற்கு எல்லையில் போர் நிறுத்தம் என்று இந்தியா தானாக அறிவித்தது. சோவியத் நெருக்கியது, வங்காள விரிகுடாவில் அமெரிக்காவின் என்டர்பிரைஸ் வந்து நின்றது, அதனால்தான் நிறுத்தினார் என்கிறார்கள். இருக்கட்டும். நெருக்கடியில் தப்பான முடிவை எடுத்த தலைவர்களும் ஏராளம். வென்றுகொண்டிருக்கும்போது நிறுத்து என்று சொல்ல எந்தத் தளபதிக்கும் அதிகாரம் இல்லை. தொடங்குவதும் நிறுத்துவதும் தலைவரின் தொழில். நடுவில் உள்ளது மற்றவர்களுடையது. என் அளவுகோல் இவ்வளவுதான். இதை வேறு இரண்டு இடங்களில் வைத்துப் பார்க்கிறேன்.

1982, ஃபாக்லாந்து. பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 8,000 மைலுக்கு அப்பால் கப்பற்படையை அனுப்பித் தீவுகளை மீட்டார். அடுத்த ஆண்டு தேர்தலில் 144 இடம் பெரும்பான்மை. பொருளாதாரம் மீண்டதும் எதிர்க்கட்சி பிளந்ததும் அந்த வெற்றிக்குக் காரணம்தான், ஆனால் பெயர் போருக்குப் போயிற்று. போர் எப்படி வந்தது? 1981-ல் அதே அரசுதான் செலவைக் குறைக்கிறோம் என்று அந்தக் கடலில் காவலுக்கு நின்ற என்டியூரன்ஸ் கப்பலைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. புத்தம்புது விமானந்தாங்கி இன்வின்சிபிளை ஆஸ்திரேலியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டிருந்தது. இவர்களுக்குத் தீவுகள் வேண்டாம் போலிருக்கிறது என்று அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர்கள் நினைத்ததில் வியப்பில்லை. விற்பதாக இருந்த அந்தக் கப்பலே போருக்குப் போயிற்று. கூடப் போன தலைமைக் கப்பல் ஹெர்மீஸ் பிறகு நம்மிடம் விராட் என்று வந்து சேர்ந்தது தனிக் கதை. அர்ஜென்டினா விமானிகள் உயிரைப் பணயம் வைத்து அலைக்கு மேல் தாழப் பறந்து வீசிய குண்டுகளில் பத்துக்கும் மேற்பட்டவை பிரிட்டிஷ் கப்பல்களில் விழுந்தும் வெடிக்கவில்லை. அவ்வளவு தாழ்விலிருந்து விழுந்தால் வெடிக்கும்படி திரி அமைக்கப்படவில்லை. அவை வெடித்திருந்தால் தாட்சரை இன்று என்னவென்று சொல்லியிருப்போம்? என் அளவுகோல்படி படையை அனுப்பும் முடிவு அவருடையது, அந்தத் துணிவுக்குப் பெயர் உண்டு. என்டியூரன்ஸை இழுத்த முடிவும் அவருடைய அரசுடையதுதான். முன்னதைச் சிலையில் செதுக்கி, பின்னதை விசாரணை அறிக்கையில் புதைத்தார்கள்.

இரண்டாவது இடத்தைத் தமிழ்நாட்டு மேடையில் பேசாமல் போக முடியாது. 1987 ஜூலை 29, கொழும்பில் ராஜீவ் காந்தி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவரை அடித்தார். அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 12 அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படையினர் முப்பது பேரில் ஒருவர் தவிர எல்லோரும் மடிந்தார்கள். சில நாள் கழித்து யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் அந்தப் படையின் துப்பாக்கியால் செத்தார்கள். 1990 மார்ச்சில் திரும்பியபோது 1,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை இழந்திருந்தோம். மாண்ட தமிழர்களின் எண்ணிக்கையை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை.

மேகனா ஆற்றில் படகு கொடுத்தது போல் இங்கே யாரும் கொடுக்கவில்லை. ஆகஸ்டில் பூமாலை போட்டவர்கள் அக்டோபரில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்தத் தோல்விக்குப் பெயர் கேட்டு யாரும் வரவில்லை. தளபதிகள் தூதரைச் சொன்னார்கள், தூதர் உளவுத் துறையைச் சொன்னார், உளவுத் துறையினர் மேலிடத்தைச் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒரு புத்தகம். என் அளவுகோலை இங்கேயும் மாற்றாமல் வைக்கிறேன். பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த தவறு ராஜீவுடையது இல்லை. அது களத்தின் பிழை, உளவின் பிழை. ஆனால் யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை, எது நடந்தால் திரும்பி வருவது என்று எதையும் வரையறுக்காமல் ஒரு படையைக் கடல் கடந்து அனுப்பியது தலைவரின் பிழை. திருப்பி அழைத்தது வி.பி. சிங். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கப் போக மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். நிறுத்தியவர் வி.பி. சிங் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மண்டல் என்றால் அவர் பெயர் வருகிறது. இதற்கு வருவதில்லை.

இந்த ஊர் அரசியலில் இன்னொரு வகையும் உண்டு. படையே இல்லாமல் போரின் முடிவுக்கு உரிமை கோருவது. 2009 ஏப்ரல் 27 காலை அண்ணா சமாதியில் கருணாநிதி உண்ணாவிரதம் தொடங்கினார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அரசு அறிவித்ததும் மதியத்தோடு முடித்துக்கொண்டார். போர் நின்றது என்று இங்கே மகிழ்ந்தார்கள். அங்கே எறிகணை நிற்கவில்லை. அதே நாட்களில் இந்திய ராணுவத்தை அனுப்பித் தனி ஈழம் அமைத்துத் தருவேன் என்று ஜெயலலிதா தேர்தல் மேடையில் முழங்கினார். 1971-ஐ நம் மனதில் நாம் எப்படிப் பதிந்து வைத்திருக்கிறோமோ அதைத் தொட்டுத்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. ஒரு தலைவி நினைத்தாள், ஒரு நாடு பிறந்தது என்கிற பதிவு. மே 13 அன்று நாம் வாக்களித்தோம். அதே வாரத்தில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ஜனவரியில் இலங்கை அதிபர் தேர்தலில் மகிந்த ராஜபக்சவும் அவருடைய தளபதி சரத் பொன்சேகாவும் வென்றது நானா நீயா என்று எதிரெதிரே நின்றார்கள். தோற்ற தளபதி அடுத்த மாதமே கைதானார்.

நேரமாகிவிட்டது, விழாத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளுக்கு முன் முதல் கேள்வியை நானே ஊகித்துப் பதில் சொல்லிவிடுகிறேன், எந்த ஊரில் பேசினாலும் இதுதான் வருகிறது. 93,000 கைதிகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்திரா 1972 ஜூலையில் சிம்லாவில் காஷ்மீர் விவகாரத்தை ஏன் முடிக்கவில்லை? கைதிகள் சரணடைந்தது இந்திய, வங்கதேசக் கூட்டுப் படையிடம். டாக்காவைக் கேட்காமல் அவர்களை வைத்துப் பேரம் பேச முடியாது. போர் முடிந்த பிறகு கைதிகளைக் காலவரையின்றி வைத்திருக்க ஜெனீவா ஒப்பந்தமும் விடாது. ஆகவே அந்தத் துருப்புச் சீட்டு நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியது இல்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டையே நாளடைவில் எல்லையாக்குவதாகப் பூட்டோ வாய்மொழியாக ஒப்புக்கொண்டார், நம்பி விட்டுவிட்டோம் என்று அந்தப் பேச்சில் இருந்த பி.என். தர் பிற்காலத்தில் எழுதினார். பாகிஸ்தான் தரப்பு மறுத்தது. எழுதி வாங்காதது உண்மை. அந்த அறையில் மானெக்‌ஷா இல்லை, சகத் சிங் இல்லை, மழை இல்லை, ஆறு இல்லை, பங்கு போட வேறு யாரும் இல்லை. அது முழுக்க இந்திராவின் பற்று.

மற்ற கேள்விகளைக் கேளுங்கள். அந்த ஓரத்தில் அம்மா ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவருக்கு மைக் கொடுங்கள்.